ஈக்யூ முன்னா, கொம்பிரசர் முன்னா? – வீட்டு ஒலிப்பதிவு குறித்த வாசகர் கேள்வி பதில்

வீட்டிலேயே பாடல்களைப் பதிவு செய்து மிக்ஸிங்கும் செய்துகொள்ளும் வாசகர்கள், குறிப்பாக வன்னிப் பகுதியைச் சேர்ந்தவர்கள், அண்மையில் எழுதிய கடிதங்களிற் பெரும்பாலானவை ஒரே விடயத்தையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கின்றன. ஒரு குரலின் மீது பல பிளகின்களை (ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்களை) போடும்போது எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்பதே அது. ஆகையால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் தங்கையும் வீட்டில் அம்மன் பாடல்களைப் பாடிப் பதிவு செய்து வருகிறோம். ஒரு யூஎஸ்பி ஒலிவாங்கியும் மடிக்கணனியில் ரீப்பர் மென்பொருளும் இருக்கின்றன. இணையத்தில் பாடம் நடத்துபவர்களில் ஒருவர் ஈக்யூவை முதலிற் போடச் சொல்கிறார். மற்றவர் கொம்பிரசரை முதலிற் போடச் சொல்கிறார். இருவருமே அனுபவசாலிகளாகத் தெரிகிறார்கள். யாரைப் பின்பற்றுவது? எங்கள் பாடல் ஒன்றின் குரல் ட்ராக்கையும் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, கிளிநொச்சி

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே காரணத்தை விட்டுவிட்டு வரிசையை மட்டும் சொல்லியிருப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது. காரணம் விளங்கிவிட்டால் எந்த வரிசையையும் பாடமாக்க வேண்டியதில்லை.

ஈக்யூ என்பது நாம் தேர்ந்த அதிர்வெண்களை மட்டும் கூட்டவோ குறைக்கவோ செய்யும் கருவி. உள்ளே வரும் ஒலி பெரிதா சிறிதா என்பதை அது பார்ப்பதில்லை. 300 ஹேர்ட்ஸில் 3 டெசிபலைக் குறைக்கும்படி வைத்தால், பாடகி முணுமுணுத்தாலும் உச்சத்தில் பாடினாலும் அது அந்த 3 டெசிபலைத்தான் குறைக்கும். அதனால் இரண்டு ஈக்யூக்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றி வைத்தாலும் கேட்பதில் வித்தியாசம் வராது. கொம்பிரசர் அப்படிப்பட்டதல்ல. அது உள்ளே வரும் ஒலியின் மட்டத்தை அளந்துகொண்டே இருந்து, நீங்கள் வைத்த எல்லையை ஒலி தாண்டும் நேரத்தில் மட்டும் அதைக் கீழே அழுத்துகிறது. கேட் (குறித்த மட்டத்துக்குக் கீழேயுள்ள ஒலியை அடைப்பது), டீ-எஸ்ஸர் ('ஸ்' சீறலைக் குறைப்பது), லிமிற்றர் (உச்சங்களை எல்லை தாண்டவிடாதது) ஆகியனவும், ஒலியைச் சற்றுக் கரகரப்பாக்கும் சச்சுரேஷனும் இதே இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே வரிசை குறித்த எல்லாக் கேள்விகளும், மட்டத்தைப் பார்த்து வேலை செய்யும் இந்தக் கருவிக்குள் எந்த ஒலி போகவேண்டும், எது போகக் கூடாது என்ற ஒரே கேள்வியில்தான் வந்து முடிகின்றன.

உங்கள் ட்ராக்கிலேயே இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 'பாதம் பணிந்தேன்' என்று இரண்டாவது அடி தொடங்கும் இடத்தில், 'பா' என்ற எழுத்தோடு வெளிவரும் மூச்சுக் காற்று ஒலிவாங்கியில் மோதி 'தொம்' என்ற ஓசையை எழுப்புகிறது. அது 80 ஹேர்ட்ஸுக்கும் கீழே இருப்பதால் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்காது. நல்ல ஹெட்போனில்தான் தெரியும். கணனியில் உச்ச மட்டம் 0 டெசிபல்; மற்றவை மைனஸில் வரும். உங்கள் கொம்பிரசரின் எல்லை மைனஸ் 20 டெசிபலிலும் விகிதம் 4க்கு 1 என்றும் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அந்தத் 'தொம்' மைனஸ் 8 வரை எழுந்தால் எல்லையை 12 டெசிபலால் தாண்டுகிறது. கொம்பிரசர் அந்த 12ஐ 3 ஆக்குவதற்காக 9 டெசிபலைக் கீழே இழுக்கிறது. இழுத்ததை உடனே விட்டுவிடுவதுமில்லை. பிடியை விட எடுக்கும் ரிலீஸ் நேரத்தை 150 மில்லிசெக்கன் அளவில் வைத்திருந்தால், அதற்குப் பின் வரும் 'ஆ' என்ற உயிரொலியும் சேர்ந்தே அமுங்கிப் போகிறது. பாடகியின் குரலில் எந்தக் குறையும் இல்லாதபோதும், காதுக்குக் கேட்காத ஓர் ஓசைக்காக அவருடைய சொல் விழுங்கப்படுகிறது. தூற்றாத நெல்லை அளந்தால் பதரும் சேர்ந்தே அளவுக்கு வருவதுபோல, சுத்தம் செய்யாத ஒலியைக் கொம்பிரசருக்குக் கொடுத்தால் அது அழுக்கையும் சேர்த்தே அளந்து முடிவெடுக்கும்.

ஆகையால் ஒலியைச் சுத்தம் செய்கின்ற ஈக்யூ கொம்பிரசருக்கு முன்னே வரவேண்டும். பெண் குரலுக்கு 90 அல்லது 100 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும், ஆண் குரலுக்கு 70 அல்லது 80 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் வெட்டிவிடலாம். சிறிய அறையில் பாடும்போது 200 முதல் 400 ஹேர்ட்ஸ் வரை சேருகின்ற அடைத்த ஓசையையும் 2 அல்லது 3 டெசிபல் குறைக்கலாம். குரலுக்கு அழகு சேர்க்கின்ற ஈக்யூவோ கொம்பிரசருக்குப் பின்னே வருவதுதான் பெரும்பாலும் நல்லது. தெளிவுக்காக 4,000 ஹேர்ட்ஸில் 3 டெசிபலை முன்னரே கூட்டிவிட்டால், கூட்டிய பகுதி பலமாக ஒலிக்கும் போதெல்லாம் கொம்பிரசர் அதற்கே எதிர்வினை காட்டி, நீங்கள் கொடுத்ததில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கொம்பிரசரை முதலிற் போடச் சொன்னவர், சுத்தமான அறையில் பதிவான குரலுக்கு நிறம் சேர்ப்பதைப் பற்றிப் பேசியிருப்பார். ஈக்யூவை முதலிற் போடச் சொன்னவர், நம்முடையதைப் போன்ற வீட்டுப் பதிவை மனத்தில் வைத்திருப்பார். ஒரே குரலில் இரண்டு ஈக்யூக்களை, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாக வைத்துக்கொள்வதில் தவறேதும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே செய்யவேண்டிய ஒரு வேலையைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். உங்கள் பாடலில் பல்லவி மெல்லியதாகவும், தொடர்ந்து வரும் அடிகள் பலமாகவும் பாடப்பட்டிருக்கின்றன. இந்த வித்தியாசத்தை முழுவதுமாகக் கொம்பிரசரின் தலையிற் கட்டினால், அது பல்லவியில் ஒன்றும் செய்யாமலும் மற்ற இடங்களில் மிதமிஞ்சி அழுத்தியும் வேலை செய்யும். ட்ராக்கை அடி அடியாக வெட்டி, மெல்லிய பகுதிகளைக் கையாலேயே 3 அல்லது 4 டெசிபல் உயர்த்துங்கள். ரீப்பரில் வெட்டிய துண்டின் மீதே இருக்கும் ஒலியளவு பிளகின்களுக்கு முன்னே வேலை செய்கிறது; ட்ராக்கின் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர் பிளகின்களுக்குப் பின்னே வேலை செய்கிறது. எனவே ஃபேடரை எவ்வளவு நகர்த்தினாலும் கொம்பிரசருக்குள் போகும் ஒலி மாறாது. இது தெரியாமல் ஃபேடரோடு போராடுபவர்கள் மிகப் பலர்.

ஒரு குரலுக்கு இரண்டு கொம்பிரசர்களைப் போடும் வழக்கமும் இதே தர்க்கத்தில் அமைந்ததுதான். 1967இல் வெளிவந்த 1176 என்ற கருவி மிக வேகமானது. எல்ஏ-2ஏ என்ற கருவி மெதுவானது. ஒலிக்கூடங்களில் முன்னதை முதலில் வைத்துத் திடீரென எழும் உச்சங்களை மட்டும் சற்றுத் தட்டிவிட்டு, பின்னதைக் கொண்டு குரலை மெதுவாகச் சமப்படுத்துவார்கள். இன்று இரண்டுக்கும் பிளகின் வடிவங்கள் கிடைக்கின்றன. ஆனாலும் உங்கள் பாடலுக்கு ரீப்பரோடு வரும் கொம்பிரசர் ஒன்றே போதும்.

கடைசியாக, வரிசையை மாற்றி ஒப்பிடும்போது இரண்டு வடிவங்களையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்த பின்னரே கேளுங்கள். 1 டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எதுவோ அதுவே நல்லதென்று நம் காது சொல்லிவிடும்.

கேள்வி: எங்கள் வீடு தகரக் கூரை. பகலில் வெக்கை தாங்காமல் மின்விசிறியைப் போட்டுக்கொண்டுதான் பாடவேண்டியிருக்கிறது; இரவில் பாடினால் சில்வண்டுச் சத்தம். பின்னணி இரைச்சலை நீக்கும் பிளகினை எந்த இடத்தில் போடவேண்டும்? எல்லாவற்றையும் செய்து முடித்த பின் கடைசியில் போட்டுப் பார்த்தேன். குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிட்டது.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: அதை எல்லாவற்றுக்கும் முன்னே போடவேண்டும். நீங்கள் கடைசியில் போட்டதுதான் அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பெருமளவு காரணம்.

குரல் மைனஸ் 18 டெசிபலிலும் மின்விசிறியின் இரைச்சல் மைனஸ் 55இலும் பதிவாகியிருக்கின்றன என்று கொள்ளுங்கள். கொம்பிரசர் குரலை 6 டெசிபல் அழுத்துகிறது. இழந்த அளவை ஈடுசெய்ய நீங்கள் முழு ட்ராக்கையும் 6 டெசிபல் உயர்த்துகிறீர்கள். குரல் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் பாடாத இடைவெளிகளில் இரைச்சல் மைனஸ் 49க்கு ஏறிவிட்டது. இதற்கு மேல் ஈக்யூவில் உயர் அதிர்வெண்களைக் கூட்டி, மண்டப எதிரொலி தரும் ரிவேர்ப்பையும் சேர்த்திருந்தால் இரைச்சல் மேலும் பருத்திருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அது இப்போது ஒரே சீராக இல்லை. குரல் வரும்போது தாழ்ந்தும் குரல் நிற்கும்போது எழுந்தும் அசைகிறது. இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு, பதிவு முழுவதும் இரைச்சல் அதே மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கையில் வேலை செய்பவை. அசையும் இரைச்சலை அவற்றால் பிரித்தறிய முடிவதில்லை. அதனால்தான் அவை குரலின் பகுதிகளையும் அரித்துவிடுகின்றன.

பாடத் தொடங்குவதற்கு முன், அதே இடத்தில், அதே மின்விசிறி வேகத்தில், அசையாமல் 10 செக்கன் பதிவு செய்யுங்கள். அந்தப் பகுதியையே மாதிரியாகக் கொடுங்கள். ரீப்பரிலுள்ள ரியாஃபிர் பிளகினைச் 'சப்ட்ராக்ட்' (கழித்தல்) முறையில் வைத்து இதைச் செய்யலாம். ஒடாசிற்றி மென்பொருளிலும் இதற்கு வசதி உண்டு. இரைச்சலை முழுவதும் அழிக்க முயலாமல் 6 முதல் 10 டெசிபல் வரை குறைத்தாற் போதும். தபேலாவும் ஹார்மோனியமும் சேர்ந்த பின் மீதி இரைச்சல் அவற்றின் அடியில் மறைந்துவிடும். தனியே கேட்டுக்கொண்டு துப்புரவு செய்வதில்தான் பலர் குரலைக் கெடுத்துவிடுகிறார்கள்.

உங்கள் பதிவில் மெல்லிய 'ம்ம்' என்ற முனகல் இருந்தால் அது மின்சாரத்திலிருந்து வருவது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த முனகல் 50இலும் அதன் மடங்குகளான 100, 150 ஆகிய இடங்களிலும் இருக்கும். அந்த இடங்களில் மட்டும் மிக ஒடுங்கிய வெட்டுகளைப் போடலாம். சில்வண்டின் ஓசை பொதுவாகப் பல ஆயிரம் ஹேர்ட்ஸ் உயரத்தில் ஓர் ஒடுங்கிய பட்டையில் நிற்பதால், அதையும் தேடிப் பிடித்து இப்படியே குறைக்க முடியும். தகரத்தின் மீது பெய்யும் மழையை எந்தப் பிளகினாலும் இப்படிப் பிரித்தெடுக்க முடியாது. அது எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருப்பதோடு கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டும் இருக்கிறது. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மாரியில் பாடல்களைப் பயின்றுகொண்டு, தை பிறந்த பின் பதிவு செய்வதே சரி. ஒலிவாங்கியிலிருந்து 15 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்று, மின்விசிறி ஒலிவாங்கியின் முதுகுப் புறத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், பிளகின் செய்யவேண்டிய வேலையில் பெரும்பகுதி பதிவின்போதே முடிந்துவிடும்.

கேட் போடுவதாக இருந்தால் அதுவும் கொம்பிரசருக்கு முன்னேதான் வரவேண்டும். கொம்பிரசர் குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சுருக்கிவிடுவதால், அதன் பின் கேட்டுக்கு எல்லை வைப்பதற்கு இடமே இராது. ஆனால் பக்திப் பாடல்களுக்கு நான் கேட்டைப் பரிந்துரைப்பதில்லை. அடியின் முடிவில் மெல்ல அடங்கும் கார்வையை அது வெட்டிவிடுகிறது. இடைவெளிகளைக் கையால் வெட்டி, ஓரங்களை மெல்லத் தேய்த்துவிடுவதற்குச் சற்று நேரம் அதிகம் எடுத்தாலும், பாடியவரின் மூச்சு கெடாமல் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கூத்துப் பாடல்களை அவர் காலத்திலேயே பதிவு செய்து வைக்க விரும்பி, ஒரு கைபேசியை அவருக்கு அருகிலும் இன்னொன்றை மத்தளக்காரருக்கு அருகிலும் வைத்துப் பதிவு செய்தோம். இரண்டையும் சேர்த்தால் மத்தளம் இரட்டையாகவும் குரல் மெலிந்தும் கேட்கிறது. எந்தப் பிளகினை முதலிற் போடவேண்டும்?
– வாசகர், முள்ளியவளை

பதில்: முதலில் வாழ்த்துகள். இந்தப் பணியைத் தள்ளிப்போடாமல் செய்கிறீர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்துப் பாடல்களைப் போல வாய்வழியாகவே வந்த மெட்டுகளுக்கு, அண்ணாவியாரின் சொந்தக் குரலில் உள்ள பதிவைவிட நம்பகமான ஏடு இல்லை. ஆகவே எதைச் செய்வதற்கு முன்பும், இரண்டு கைபேசிகளிலிருந்தும் எடுத்த மூலக் கோப்புகளை மாற்றம் எதுவும் செய்யாமல் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள்.

இப்போதைக்கு எந்தப் பிளகினும் வேண்டாம். முதலாவது வேலை, இரண்டு பதிவுகளையும் நேரத்தால் ஒன்றாக்குவது. ஒலி ஒரு மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் எடுக்கும். மத்தளத்துக்கும் அண்ணாவியாரின் கைபேசிக்கும் இடையில் 3 மீற்றர் தூரம் இருந்திருந்தால், மத்தள அடி அங்கே 9 மில்லிசெக்கன் பிந்திப் போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டையும் சேர்க்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குரல் மெலிந்து கேட்பதற்கு இதுவே காரணம். அதோடு, இரண்டு கைபேசிகளின் உள்மணிக்கூடுகளும் முழுமையாக ஒத்துப்போவதில்லை. தொடக்கத்தில் பொருந்தியவை அரை மணி நேரத்தில் பல மில்லிசெக்கன் விலகிவிடும்.

பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் பலமாகக் கைதட்டியிருந்தால் அந்த இரண்டு புள்ளிகளையும் கொண்டு பொருத்தலாம். தட்டவில்லையென்றால், சல்லரியின் (கைத்தாளத்தின்) ஓசை அலைவடிவத்தில் கூர்மையாகத் தெரியும். பாட்டின் தொடக்கத்தில் ஓர் அடியையும் முடிவில் ஓர் அடியையும் தேர்ந்து, ஒரு பதிவின் நீளத்தை மற்றதற்கு ஏற்பச் சிறிது இழுத்தோ சுருக்கியோ சரிசெய்யுங்கள். பிறகு ஒரு ட்ராக்கின் துருவத்தை மட்டும் திருப்பிப் பாருங்கள், அதாவது அலைவடிவத்தை மேல்கீழாகப் புரட்டுங்கள். திருப்பும்போது மத்தளத்தின் அடித்தொனி கனத்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மெலிந்தால் பழைய நிலைக்கே கொண்டுவாருங்கள். இவற்றை ஈக்யூவுக்கு முன் செய்யவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நேரப் பிழையால் காணாமற்போன அதிர்வெண்களை ஈக்யூவால் எவ்வளவு உயர்த்தினாலும் திரும்பக் கிடைக்காது. நேரம் சரியானதும் அவை தாமாகவே வந்துவிடும்.

அடுத்ததாக, பிளகின் ஏதும் இல்லாமல் ஃபேடர்களால் மட்டும் சமநிலை தேடுங்கள். அண்ணாவியாரின் ட்ராக்கை முதன்மையாக வைத்து, மத்தளத்தின் ட்ராக்கைக் கீழிருந்து மெல்ல மெல்லக் கொண்டுவந்து, பாட்டின் சொற்கள் மறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே நிறுத்துங்கள். இதற்குப் பின் கொம்பிரசர் தேவைப்பட்டால், அண்ணாவியாரின் ட்ராக்கிலும் மத்தளம் கலந்தே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு அடிக்கும் கொம்பிரசர் குரலையும் சேர்த்து அமுக்கும். பல கொம்பிரசர்களில் உள்ளே ஒரு வடிகட்டி இருக்கிறது. அது கேட்கும் ஒலியை மாற்றாமல், கொம்பிரசர் அளந்து பார்க்கும் ஒலியிலிருந்து மட்டும் தாழ்ந்த அதிர்வெண்களை நீக்குகிறது. அதை 200 ஹேர்ட்ஸ் அளவில் வைத்தால் மத்தளத்தின் கனமும் குறையாது, குரலும் அமுங்காது. கூத்துப் பாடல் வெட்டவெளியில் பெருங்குரலில் பாடப்படுவது. மெல்லியதையும் பலமானதையும் ஒரே மட்டமாக்கிவிட்டால் ஆட்டத்தின் வேகம் பாட்டிலிருந்து போய்விடும். ஆகையால் 2க்கு 1 என்ற விகிதத்தில், 3 டெசிபலுக்கு மேல் அழுத்தாமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுருதி திருத்தும் பிளகினை எங்கே வைப்பது?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இரைச்சலை நீக்கிய பின், கொம்பிரசருக்கும் ரிவேர்ப்புக்கும் முன். 1997இல் வெளிவந்த ஓட்டோ-டியூன் முதல் இன்றுள்ளவை வரை, இவ்வகைப் பிளகின்கள் ஒற்றைக் குரலின் சுருதியைக் கண்டுபிடித்த பிறகே அதைத் திருத்துகின்றன. ரிவேர்ப் கலந்துவிட்டால் முந்தைய சுரத்தின் எச்சமும் புதிய சுரமும் ஒன்றாக வந்து, எதைத் திருத்துவதென்று அது தடுமாறும். நம் பாடல்களுக்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. திருத்தும் வேகத்தைக் கூட்டிவைத்தால் கமகங்கள் படிக்கட்டுகளாக உடைந்துவிடும். வேகத்தை மிகக் குறைத்து வையுங்கள். அல்லது பிசகிய ஓரிரு சுரங்களை மட்டும் தனியே திருத்துங்கள். குரல் பாவத்தோடு பாடப்பட்டிருந்தால், சிறிய பிசகை அப்படியே விட்டுவிடுவதே என் விருப்பம்.

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கலையொட்டி வைகாசியில் வெளியிடுவதற்காக ஒரு கண்ணகி அம்மன் பாடல் செய்திருக்கிறோம். கோயில் மண்டபத்தில் பாடுவதுபோல் இருக்கவேண்டுமென்று குரல் ட்ராக்கிலேயே ரிவேர்ப்பைப் போட்டு, அதன் பின் கொம்பிரசர் போட்டோம். சொற்கள் எல்லாம் கலங்கிவிட்டன. 'ச', 'ஸ்' ஓசைகளும் சீறுகின்றன.
– வாசகர்கள், மல்லாவி

பதில்: பாடகர் ஒரு சொல்லை முடித்ததும் ஒலியின் மட்டம் தாழ்கிறது, உடனே கொம்பிரசர் தன் பிடியை விடுகிறது, அந்த இடைவெளியில் எஞ்சியிருப்பது ரிவேர்ப்பின் வால் மட்டுமே என்பதால் அது மேலே எழுந்து, அடுத்த சொல்லின் தொடக்கத்தை மூடிவிடுகிறது. ரிவேர்ப்பைக் கொம்பிரசருக்குப் பின்னே நகர்த்தினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். முழுவதும் தீரவேண்டுமானால் குரல் ட்ராக்கிலிருந்து ரிவேர்ப்பை எடுத்துவிடுங்கள். தனியாக ஒரு ட்ராக்கைத் திறந்து, அதில் ரிவேர்ப்பை 100 வீதம் ஈரமாக (மூலக் குரல் கலவாமல் எதிரொலி மட்டும் வரும்படி) வைத்து, குரலின் ஒரு பங்கை மட்டும் அங்கே அனுப்புங்கள். அனுப்புவது ஃபேடருக்குப் பின்னாலிருந்து போகட்டும். அப்போதுதான் குரலைக் குறைக்கும்போது அதன் மண்டபமும் அதே அளவு குறையும். ஹார்மோனியத்தையும் கோரஸ் குரல்களையும் அதே ரிவேர்ப்புக்கு அனுப்பினால் எல்லோரும் ஒரே மண்டபத்தில் நிற்பது போன்ற உணர்வு வரும். ட்ராக்குக்கு ஒன்றாகப் பல ரிவேர்ப்புகள் போடும்போது இந்த உணர்வு கிடைப்பதேயில்லை.

அந்த ரிவேர்ப் ட்ராக்கிலே 250 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் 7,000 அல்லது 8,000 ஹேர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். ஈக்யூவை ரிவேர்ப்புக்கு முன்னே வைத்தாலும் பின்னே வைத்தாலும் இங்கே பெரும்பாலும் வித்தியாசம் வராது. மட்டத்தைப் பார்த்து மாறும் கருவி இரண்டுக்கும் இடையில் இல்லை. பிரீ-டிலேயை 30 மில்லிசெக்கன் அளவில் வைத்தால், சொல்லின் தொடக்கம் உலர்ந்த நிலையில் காதுக்கு எட்டிய பின்னரே மண்டபம் பதில் சொல்லும். கற்றூண் மண்டபத்தில் அம்மன் சந்நிதிக்கு அருகில் நின்று பாடுபவரின் சொற்கள் நமக்கு விளங்குவதும் ஏறக்குறைய இந்த வகையில்தான்.

சீறலுக்கு டீ-எஸ்ஸர் போடுங்கள். அதைக் கொம்பிரசருக்குப் பின்னும், ரிவேர்ப்புக்கு அனுப்பும் இடத்துக்கு முன்னும் வைக்கவேண்டும். கொம்பிரசர் நீண்ட உயிரொலிகளை நன்றாக அழுத்துகிறது. குறுகிய 'ஸ்' ஓசையோ அதன் எல்லையை அவ்வளவாகத் தாண்டாமல் தப்பிவிடுவதால், முன்பைவிடத் துருத்திக்கொண்டு நிற்கிறது. 'சக்தி', 'ஸ்ரீ' என்று அடிக்கடி வரும் பாடலில் இது மிகவும் உறுத்தும். திருத்தாமல் ரிவேர்ப்புக்குள் அனுப்பினால் ஒவ்வொரு 'ஸ்' ஓசைக்கும் மண்டபம் முழுவதும் சீறும். பெண் குரலில் பெரும்பாலும் 6,000 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரையிலும், ஆண் குரலில் அதற்குச் சற்றுக் கீழேயும் தேடுங்கள். 'ச' 'த' போலக் கேட்கத் தொடங்கினால் அளவு மிஞ்சிவிட்டதென்று பொருள்.

கேள்வி: ஒடாசிற்றியில் எபெக்ற் ஒன்றைப் போட்ட பின் வரிசையை மாற்ற முடியவில்லையே?
– வாசகி, மாங்குளம்

பதில்: மெனுவிலிருந்து நேரடியாகப் போடும் எபெக்ற் பதிவின் மீதே எழுதப்பட்டுவிடுகிறது. 2022இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, ட்ராக்கின் எபெக்ற்ஸ் பகுதியில் அடுக்கி வைத்து, கேட்டுக்கொண்டே மேலும் கீழும் இழுத்து மாற்றும் வசதி இருக்கிறது. உங்களிடம் பழைய பதிப்பு இருந்தால் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள், அது இலவசமே. முடியாவிட்டால் ஒவ்வொரு எபெக்றுக்கும் முன் ட்ராக்கைப் பிரதி செய்து, பழையதை ஊமையாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பாடல் யூடியூப்பில் மற்றப் பாடல்களைவிட ஒலி குறைவாகக் கேட்கிறது. நண்பர் ஒவ்வொரு ட்ராக்கிலும் லிமிற்றர் போடச் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், தருமபுரம்

பதில்: வேண்டாம். லிமிற்றரின் இடம், எல்லா ட்ராக்குகளும் ஒன்றுசேரும் மாஸ்டர் ட்ராக்கின் கடைசியில். எல்லா ட்ராக்குகளும் கூடும்போது எழும் உச்சங்களைப் பிடிப்பதே அதன் வேலை. தனித் தனி ட்ராக்கில் போட்டவற்றுக்கு அந்தக் கூட்டலைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேலும் ஒவ்வொன்றும் உயிரற்றுத் தட்டையாகிவிடும். மாஸ்டரில் முதலில் ஓர் ஈக்யூ, தேவைப்பட்டால் 1 அல்லது 2 டெசிபலுக்கு மேல் அழுத்தாத ஒரு கொம்பிரசர், அதன் பின் லிமிற்றர். லிமிற்றருக்குப் பின்னே ஈக்யூவையோ ஒலியளவு கூட்டும் வேறெதையுமோ வைத்தால், அது பிடித்து நிறுத்திய உச்சங்கள் மறுபடியும் எல்லையைத் தாண்டிவிடும்.

எவ்வளவு உரப்பாக்குவது என்பதற்கு யூடியூப்பின் நடைமுறையைத் தெரிந்துகொள்வது நல்லது. சராசரி உரப்பு ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தோன்றும் உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவைத் தாண்டும் பாடல்களை அது தானாகவே தாழ்த்திவிடுகிறது; அதற்குக் கீழே இருப்பவற்றை உயர்த்துவதில்லை. உங்கள் பாடல் மைனஸ் 20 அளவில் இருக்கக்கூடும். அதனால்தான் அது பின்தங்கிக் கேட்கிறது. மைனஸ் 14க்கு அருகில் கொண்டுவந்து, லிமிற்றரின் உச்ச எல்லையை மைனஸ் 1 டெசிபலில் வையுங்கள். அதைவிட உரப்பாக்கினால், நசுக்கிய பாடலை அவர்கள் திரும்பவும் தாழ்த்துவார்கள். இழப்பு மட்டுமே மிஞ்சும். லிமிற்றர் 4 அல்லது 5 டெசிபலுக்கு மேல் அழுத்தவேண்டியிருந்தால், தவறு மாஸ்டரில் இல்லை. ஏதோ ஒரு ட்ராக்கில், பெரும்பாலும் தாள வாத்தியத்தில், ஓர் உச்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அங்கே போய் அதைச் சரிசெய்யுங்கள்.

24 பிட்டில் பதிவு செய்ததை 16 பிட்டாக வெளியே எடுப்பதானால் டிதர் என்பதை (பிட் குறைவதால் வரும் கரகரப்பை மறைக்கும் மிக மெல்லிய இரைச்சலை) லிமிற்றருக்கும் பின்னே, ஒரே ஒரு தடவை மட்டும் போடவேண்டும். 24 பிட்டாகவே யூடியூப்புக்கு அனுப்பினால் அதுவும் தேவையில்லை. பாடலை நண்பர்களுக்குக் கேட்கக் கொடுக்கும்போது வட்ஸ்அப்பில் டொக்கியுமென்ற் ஆக அனுப்புங்கள். அப்போது கோப்பு சுருக்கப்படாமல் அப்படியே போய்ச் சேரும், அவர்கள் சொல்லும் குறை உங்கள் மிக்ஸிங்கைப் பற்றியதாகவே இருக்கும்.